ஆர்எக்ஸ் 100 ரேஸ் வண்டிக்கு சைலன்சரை நாமே செய்யலாமா?

திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ட்ராக்கில் ஓட்டுவதற்காக என் ஆர்எக்ஸ் 100-ஐத் தயார் செய்கிறேன். போர்ட் வேலை முடிந்துவிட்டது. நண்பன் வண்டியில் நன்றாக ஓடிய எக்ஸ்பான்ஷன் சேம்பரை வாங்கி மாட்டினால், வண்டி முன்பைவிட மந்தமாக இருக்கிறது. நானே செய்ய முடியுமா? எங்கள் ஊரில் கேஸ் வெல்டிங்தான் உண்டு."

தாராளமாகச் செய்யலாம். கேஸ் வெல்டிங்கே போதும். ஆர்எக்ஸ் 100 யமஹாவின் டூ-ஸ்ட்ரோக் வண்டி. எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்பது அதற்கு சைலன்சர் இடத்தில் மாட்டும், நடுவில் வயிறு பெருத்த பைப். எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் துளையை, உயர்த்திய பிறகு உங்களுடையது வேறு இன்ஜின் ஆகிவிட்டது. நண்பனின் பைப் அவன் இன்ஜினுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதனால்தான் பொருந்தவில்லை.

இந்தப் பைப் என்ன செய்கிறது என்பது மனதில் பதிந்துவிட்டால் அளவுகள் தானாகப் புரியும். வாய்க்காலில் தண்ணீர் வேகமாக வரும்போது மதகுப் பலகையைச் சட்டென்று இறக்கினால், மோதிய தண்ணீர் ஓர் அலையாக வந்த வழியே திரும்பி ஏறும், பார்த்திருப்பீர்கள். எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் அப்படித்தான் ஓர் அழுத்த அலை பைப்புக்குள் பாய்கிறது. விரியும் கூம்பில் போகும்போது அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எரிந்த புகையை சிலிண்டரிலிருந்து இழுக்கிறது. கூடவே கொஞ்சம் புதுப் பெட்ரோல் கலவையும் பைப்புக்குள் வந்துவிடும். கடைசியில் உள்ள சுருங்கும் கூம்பில் மோதும் அலை அழுத்தமாகவே திரும்பி, போர்ட் மூடுவதற்குச் சற்று முன் அந்தக் கலவையை சிலிண்டருக்குள் மறுபடி தள்ளிவிடுகிறது. அலை முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் பவர் போச்சு.

கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் மோட்டார் சைக்கிள் கம்பெனிக்காக வால்டர் காடன் என்ற இன்ஜினியர் 1950-களில் இந்த வித்தையை வளர்த்தெடுத்தார். 1961-ல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. அவரது ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் அதே ஆண்டு சுசுகிக்குப் போனார். 1962-ல் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். இன்றும் பைப் என்றால் அடிப்படை அதே தகட்டு வேலைதான்.

சரி, அளவெடுப்போம். சிலிண்டரைக் கழற்ற வேண்டாம். ஜாமெட்ரி பாக்ஸ் பாகைமானி இரண்டை முழு வட்டமாக ஒட்டி, மேக்னெட் பக்கம் கிராங்க் நுனியில் மாட்டுங்கள். ஒரு கம்பியை முள்ளாக வையுங்கள். சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே கிராங்கைச் சுற்றுங்கள். பிஸ்டன் இறங்கும்போது போர்ட்டின் மேல் விளிம்பில் மயிரிழை வெளிச்சம் தெரியும் இடத்தைக் குறித்து, பிஸ்டன் கீழே போய் மறுபடி ஏறி அதை மூடும் இடம்வரை எத்தனை டிகிரி என்று எண்ணுங்கள். மூன்று தடவை எடுத்து மூன்றும் ஒத்துப்போனால்தான் மேலே போக வேண்டும்.

அந்த டிகிரியை 43,180-ஆல் பெருக்கி, உச்ச பவர் வேண்டிய ஆர்.பி.எம்-ஆல் வகுத்தால், பிஸ்டன் முகத்திலிருந்து சுருங்கும் கூம்பின் ஏறத்தாழ நடுப்பகுதிவரை உள்ள நீளம் மில்லிமீட்டரில் கிடைக்கும். பைப்புக்குள் அலை நொடிக்குச் சுமார் 518 மீட்டர் ஓடுகிறது என்பதுதான் இதன் பின்னணி. உதாரணத்துக்கு 184 டிகிரி, 9,500 ஆர்.பி.எம். என்றால் 836 மி.மீ. இதை இப்படிப் பங்கிடலாம்: சிலிண்டரிலிருந்து வளைந்து இறங்கும் 38 மி.மீ. உள்விட்டமுள்ள பெண்ட் பைப், விட்டத்தைப் போல் ஏழு மடங்கு, 266. அடுத்து 38-லிருந்து 90 வரை விரியும் கூம்பு, பக்கத்துக்கு 4 டிகிரிச் சரிவில் 372. வயிறு, அதாவது நடுவில் 90 விட்டத்திலேயே போகும் நேர்க் குழாய், 79. சுருங்கும் கூம்பு 90-லிருந்து வால் குழாயின் 23 வரை, விரியும் கூம்பைப் போல் இரு மடங்குச் சரிவில் 238. அதில் பாதி 119-தான் கணக்கில் வரும். 266-ல் சிலிண்டருக்குள் இருக்கும் போர்ட் பாதையும் சேர்த்தி. மெல்லிய கம்பியை விட்டு பிஸ்டனைத் தொட்டு அந்த நீளத்தை எடுத்துக் கழித்துவிடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

கூம்பு வெட்டுவது புனல் செய்கிறவருக்கு அன்றாட வேலை. ஊரில் தகரப் பட்டறைக்காரர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், அந்தக் கை நமக்கு வராது. மேலே சொன்ன விரியும் கூம்புக்கு ஒரே ஆணியை மையமாக வைத்து, நூல் கட்டி, 645 மி.மீ. ஆரத்தில் ஒரு வில், 272.5-ல் இன்னொரு வில் போடுங்கள். வெளி வில்லில் 283 மி.மீ. அளந்து இரு முனைகளையும் ஆணியோடு கோடிட்டு இணைத்தால், உள்வில் தானாக 119 வரும். முதலில் அட்டையில் வெட்டிச் சுருட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் 1 மி.மீ. சி.ஆர். (கோல்ட் ரோல்டு) இரும்புத் தகட்டைத் தொடுங்கள். தகட்டின் பருமனுக்காக விட்டங்களில் 1 மி.மீ. கூட்டிக்கொள்ள வேண்டும்; இங்கே கணக்கு எளிதாக இருக்க விட்டுவிட்டேன்.

பெண்ட் பைப்பை வளைக்க ஆற்று மணல் போதும். ஆனால் அதை வாணலியில் நன்றாக வறுத்துவிடுங்கள். ஈரம் இருந்தால் சூட்டில் ஆவியாகி முனைக் கட்டையைத் தெறிக்க விடும், முகத்துக்கு ஆபத்து. மணலைக் குழாயில் நிரப்பி, தட்டித் தட்டி இறுக்கி, இரு முனையையும் கட்டையால் அடைத்து, சிவக்கக் காய்ச்சி, மெதுவாக வளையுங்கள். நீளத்தை நடுக்கோட்டில் அளக்க வேண்டும்.

இனி வால் குழாய், சுருங்கும் கூம்பின் நுனியிலிருந்து புகை வெளியேறும் குழாய். இதைக் கவனமாகப் படியுங்கள். என் முதல் பைப்புக்குக் கையில் கிடைத்த ஒல்லிக் குழாயை வைத்தேன். முதல் சில சுற்றுகள் வண்டி அருமையாக இழுத்தது. அப்புறம் சத்தம் மாறி நின்றது. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் உருகி வழிந்திருந்தது. வால் குழாய் குறுகினால் அழுத்தமும் சூடும் உள்ளேயே தங்கும். பெண்ட் பைப் விட்டத்தில் 0.6 பங்கு, அதாவது இங்கே 23 மி.மீ. உள்விட்டம், நீளம் அதைப் போல் 12 மடங்கு, 276 மி.மீ. என்று தொடங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் பெரிதாகவே வையுங்கள்.

வெல்டிங் உள்ளே பிதுங்கக் கூடாது. இரு முனையையும் அடைத்து, பஞ்சர் கடையில் டியூபை முக்குவது போல் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பாருங்கள். குமிழி வந்தால் அலை பலவீனப்படும். வண்டியில் ரப்பர் புஷ்ஷும் ஸ்பிரிங்கும் வைத்து மாட்டுங்கள், இறுக்கிப் போல்ட் போட்டால் அதிர்வில் விரிசல் விடும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை இரண்டு மூன்று அளவு பெரிதாகப் போட்டுத் தொடங்குங்கள். முழு திராட்டிலில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை உடனே அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள் பீங்கான் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் அடுத்த சுற்றே ஓட்டாதீர்கள். உச்ச பவர் வேண்டிய ஆர்.பி.எம்-க்கு மேலே வந்தால் பெண்ட் பைப்பில் 10 மி.மீ. கூட்டுங்கள், இந்த உதாரணத்தில் உச்சம் சுமார் 110 ஆர்.பி.எம். கீழே இறங்கும். முதல் பைப்பில் அந்த இடத்தை வெல்ட் செய்யாமல், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்பாக வைத்தால் வேலை எளிது.

இந்தப் பைப்போடு பொதுச்சாலையில் ஓட்டுவது சட்டத்துக்கு விரோதம். வண்டியை டாடா ஏஸில் ஏற்றி, கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேக்கோ சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கோ கொண்டுபோய் ஓட்டுங்கள்.