மகள் படத் தயாரிப்பாளராக விரும்புகிறாள்: சுங்கை சிப்புட் தாய் ஒருவருக்கு எழுதிய மடல்

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வை முடித்த மாணவர்களுக்காகக் கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்திய ஆலோசனைக் கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்து செல்லும்வரை தூணோரமாகக் காத்திருந்து, "சார், இந்தப் பிள்ளைக்கு நீங்கதான் புத்தி சொல்லணும்" என்று நீங்கள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு நேரமாகிவிட்டதால் நீங்கள் உடனே கிளம்ப வேண்டியிருந்தது. அவசரத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியும் அது அன்று. ஆகவே ஆற அமர எழுதுகிறேன். மகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கணக்கியலில் நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளை சினிமா என்று பேசுகிறாளே என்பது உங்கள் கவலை. அவள் நடிக்கப் போவதாகச் சொல்லவில்லை, படம் தயாரிக்கப் போவதாகச் சொல்கிறாள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் தோட்டப்புறத்துப் பெற்றோர் பலரும் அறிவதில்லை. தயாரிப்பாளர் என்றால் பணமூட்டையுடன் வருபவர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். பணம் போடுபவர் முதலீட்டாளர். எந்தக் கதையை எடுப்பது, அதை யார் எழுதுவது, யார் இயக்குவது, யார் நடிப்பது, எத்தனை நாளில் எவ்வளவு செலவில் முடிப்பது, முடித்ததை யாரிடம் கொண்டுசேர்ப்பது என்று முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை பொறுப்பேற்பவர்தான் தயாரிப்பாளர். சிலர் இரண்டு வேலையையும் தாங்களே செய்கிறார்கள். உங்கள் மகள் கற்க விரும்புவது இரண்டாவது வேலையை.

அன்று நீங்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்த சில நிமிடங்களில் அவள் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். நண்பர்களோடு சேர்ந்து, ஆளில்லாமல் கிடக்கும் பழைய லயன் வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அவள் எடுத்த 12 நிமிடக் குறும்படத்தின் கணக்கு அது. இடப்பக்கத்தில் செலவு, வலப்பக்கத்தில் அந்தந்த நாளின் வேலை. பதினான்கு பொட்டலம் நாசி லெமாக், இரண்டு மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல், இரவல் வாங்கிய விளக்கு உடைந்ததற்குக் கொடுத்த இழப்பீடு என ஒவ்வொரு வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) எதிரே தேதி இருந்தது; ஓரிடம் தவிர மற்றெல்லாவற்றிலும் கையொப்பமும் இருந்தது. இரண்டாம் நாள் பக்கத்தில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு வேறொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன். "முதல்ல நடிச்சவன் நல்லா வசனம் பேசினான் சார், ஆனா மத்தவங்க பேசும்போது அவன் கேக்கவே இல்ல. ரொட்டிச் சானாய் கடையில மேசை துடைக்கிற பையன், ஆர்டர் எடுக்கும்போது நம்ம முகத்தையே பாத்துக்கிட்டு நிப்பான். அவனைக் கூப்பிட்டோம்" என்றாள். சகோதரி, முப்பது ஆண்டுகளாக மாணவர்களைப் பார்த்துவரும் எனக்கு அந்தப் பதில் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது. பிறரிடம் உள்ள திறமையை மற்றவர்களுக்கு முன்பாகக் காணும் கண் அவளிடம் இருக்கிறது. இந்தத் தொழிலின் உயிர்நாடி அதுதான்.

நம் திரையுலக வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு. 1952இல் வெளிவந்த பராசக்தியின் தயாரிப்பில் ஏ.வி.எம். நிறுவனத்தோடு இணைந்திருந்த பி.ஏ.பெருமாள் முதலியார்தான், நாடக மேடையில் தாம் பார்த்திருந்த கணேசனைக் கதாநாயகனாக்கினார். படப்பிடிப்பின் தொடக்கத்தில் அந்த மெலிந்த இளைஞர் மீது ஏ.வி.எம். நிறுவனர் மெய்யப்பச் செட்டியாருக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. ஆளை மாற்றலாம் என்ற பேச்சும் எழுந்தது. பெருமாள் முதலியார் விட்டுக்கொடுக்கவில்லை. சிவாஜி கணேசன் அந்த நன்றியைத் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அதுபோலவே பாரதிராஜா என்ற புதியவரை நம்பி, 1977இல் 16 வயதினிலே படத்தைத் தயாரித்தவர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு. அதற்கு முந்தைய ஆண்டு அன்னக்கிளி வழியாக இளையராஜாவைத் திரைக்குக் கொண்டுவந்தவர் பஞ்சு அருணாசலம்.

நம் நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. 1948இல் திரைக்கு வந்து, எதிர்மறை வேடங்களிலும் துணை வேடங்களிலும் நடித்துக்கொண்டிருந்த, பின்னாளில் மலாய்த் திரையுலகின் பெருங்கலைஞரான பி.ரம்லிக்கு, 1950இல் பக்தி என்ற மலாய்ப் படத்தில் முதன்முதலாகக் கதாநாயக வேடம் கொடுத்தவர் எல்.கிருஷ்ணன் என்ற தமிழர். அவர் அப்படத்தின் இயக்குநரே என்றாலும், பின்னாளில் தயாரிப்பிலும் ஈடுபட்டவர். மலேசியத் திரைவரலாற்றின் அடித்தளத்தில் நம்மவரின் கைவண்ணம் இருக்கிறது என்பதை உங்கள் மகள் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் கண் மட்டும் போதாது. அடுத்து நான் சொல்லப்போவதை நீங்கள் இருவரும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

என் தாய்மாமன் ஒருவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 55 வயதில் கையில் கிடைத்த சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதியை, தெரிந்தவர் ஒருவர் எடுக்கவிருந்த தமிழ்ப் படத்தில் போட்டார். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லை, பட்ஜெட் தாளும் இல்லை. ரசீது என்பது ஒரு வெற்றிலைக் கடை முன்பு நடந்த கைகுலுக்கல்தான். பாதிப் படம் எடுத்ததும் பணம் தீர்ந்து படப்பிடிப்பு நின்றுபோனது. ஏமாற்ற வேண்டும் என்று அவர்கள் கிளம்பினார்கள் என நான் சொல்லமாட்டேன்; எவ்வளவு தேவை என்று எண்ணிப் பார்க்காமல் தொடங்கினார்கள். மாமா எழுபது வயதிலும் காவலாளி வேலைக்குப் போய்வந்தார். ஆகவே ஒன்றை உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டையோ உங்கள் கணவரின் சேமநிதியையோ எந்தப் படத்திலும் ஒருபோதும் போடாதீர்கள். மகளே கேட்டாலும் போடாதீர்கள். நல்ல தயாரிப்பாளராக வரப்போகிறவள் பெற்றோரின் முதுமைக்கால அரிசியில் கைவைக்க மாட்டாள்.

மலேசியத் தமிழ்ப் படத்தின் வணிகம் எவ்வளவு இறுக்கமானது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். மூன்று லட்சம் வெள்ளியில் ஒரு படம் எடுப்பதாகவும், நுழைவுச்சீட்டின் விலை 15 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். வசூலில் ஏறத்தாழ பாதி திரையரங்குக்குப் போய்விடும். மீதி ஏழரை வெள்ளியைக் கொண்டு போட்ட பணத்தை எடுக்கவே 40,000 பேர் அரங்குக்கு வர வேண்டும். விளம்பரச் செலவும் விநியோகஸ்தரின் பங்கும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை. நாடு முழுவதும் இந்தியர்களாகிய நாம் ஏறக்குறைய 20 லட்சம் பேர்தான். நம்மவர் திரையரங்கு செல்லும் நாளில் பக்கத்து அரங்கில் தமிழகத்தின் பெரிய நட்சத்திரத்தின் படம் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்கேற்பக் கதையையும் செலவையும் வடிவமைத்து, தொலைக்காட்சி உரிமை, இணைய உரிமை, மானியம் ஆகியவற்றைப் படப்பிடிப்புக்கு முன்பே பேசி முடிப்பவரே அடுத்த படம் எடுக்கிறார். மகளின் கணக்கியல் பாடம் வீணாகிவிடும் என்று வருந்தினீர்களே, அது வீணாகாது. அதை விட்டுவிட்டு வந்தால்தான் அவளுக்குக் கேடு.

கணக்குக்கு அடுத்தது சட்டம். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம், அதாவது பினாஸ், தயாரிப்புக்கும் விநியோகத்துக்கும் உரிமம் வழங்குகிறது. பொது அரங்கில் திரையிடத் தணிக்கை வாரியத்தின் அனுமதி வேண்டும். கதை வேறொருவருடையது என்றால் உரிமையை எழுதி வாங்க வேண்டும், பாடலுக்கும் அப்படியே. தோட்டத்தில் படம் எடுக்க நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். இவை சலிப்பூட்டும் வேலைகள்தான். ஆனால் ஒரு தாள் இல்லாததால் முடிந்த படம் பெட்டிக்குள் முடங்குவதும் உண்டு.

கதையைச் செப்பனிடுவதும் தயாரிப்பாளரின் வேலையே. எழுத்தாளரின் முதல் பிரதியைப் படித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. எந்தக் காட்சியில் கதை நின்றுவிடுகிறது, எந்தப் பாத்திரம் இல்லாவிட்டாலும் கதை நகரும் என்பதைப் புண்படுத்தாமல் எடுத்துச் சொல்லி, மூன்றாவது நான்காவது பிரதிவரை பொறுமையாக உடன் நிற்க வேண்டும். இயக்குநருக்கு ஒரு பார்வை இருக்கும். அதை மாற்றாமல், அதற்கு வேண்டியதைத் தேடித் தந்து, மிகையானதற்கு மட்டும் மறுப்புச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்து வாழ்வின் கதை வெளியுலகத்துக்குப் பிடிக்குமா என்ற தயக்கம் மகளுக்கு இருந்தால், 2015இல் வெளிவந்த ஜகாட் படத்தை அவளுக்கு நினைவூட்டுங்கள். தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் கதையைத் தமிழில் சொன்ன அந்தப் படம், 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வுபெற்றது.

இனி படிப்பு. பட்டம் இல்லாமல் இத்துறையில் நுழைந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் உங்கள் குடும்ப நிலையில் நான் அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு படம் முடிந்து அடுத்த படம் கிடைக்கும்வரை வருமானமே இல்லாத மாதங்கள் வரும், அப்போது கைகொடுக்க வேறொரு தகுதி இருக்க வேண்டும். என் முதல் விருப்பம், அவள் படிவம் ஆறில் சேர்ந்து, அதன் இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம். எழுதிவிட்டு, பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறைக்கு விண்ணப்பிப்பது. அங்குத் திரைப்படமும் ஒலிபரப்பும் கற்பிக்கப்படுகின்றன; நம் ஊரிலிருந்து அதிகத் தொலைவும் இல்லை. இரண்டாவது, கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா என்னும் தேசியக் கலை, பண்பாட்டு, மரபியல் கழகம். செய்முறைப் பயிற்சி மிகுந்த இடம். மூன்றாவது, ஈப்போவில் கணக்கியலோ வணிகமோ டிப்ளோமா முடித்துவிட்டு, விடுமுறைகளில் படக்குழுக்களில் வேலை பார்ப்பது. மூன்றாவது வழியை யாரும் பெருமையாகப் பேசமாட்டார்கள். தயாரிப்புக்கு அதுவும் நல்ல வழியே என்பது என் கருத்து. தனியார் கல்லூரிகளில் சேர்வதானால், கட்டணத்தையும் பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடன் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையொப்பமிடுங்கள். வண்ண விளம்பரத்தையும் இலவச மடிக்கணினியையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

படித்து முடித்ததும் தயாரிப்பாளர் என்ற பெயர் கிடைத்துவிடாது. முதலில் தயாரிப்பு உதவியாளர்; காலை நான்கு மணிக்கு வேன் வந்துவிட்டதா, நடிகர்கள் சாப்பிட்டார்களா, மழை வந்தால் மாற்று இடம் எது என்று ஓடும் வேலை. பின்னர் ஒருங்கிணைப்பாளர், அதன்பின் நாள்தோறும் செலவைக் கட்டுக்குள் வைத்திருக்கும் நிர்வாகி. தொலைக்காட்சி நாடகங்களும் விளம்பரப் படங்களும் இக்காலத்தில் நல்ல பள்ளிக்கூடங்கள். தனியாள் ஒப்பந்த வேலையில் முதலாளி சேமநிதி கட்டமாட்டார் என்பதால், முதல் சம்பளத்திலிருந்தே அவள் தானாகச் சந்தா செலுத்தும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளை இரவு பகல் பாராமல் அலைவதைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கவலை நியாயமானது. எந்தக் குழுவில் சேர்ந்தாலும் ஒப்பந்தம், வேலை நேரம், தங்குமிடம், வீடு திரும்பும் வண்டி ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டதற்காக முகம் சுளிக்கும் குழுவில் சேர வேண்டாம். பாலியல் தொல்லைக்கு எதிரான 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதை அவள் அறிந்திருக்கட்டும். ஓட்டல் அறைக்குத் தனியாக வரச்சொல்லும் எந்தத் தேர்வும் தேர்வன்று.

எதிர்வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் இருப்பேன். மகளை அழைத்துக்கொண்டு, அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். முடிந்தால் உங்கள் கணவரும் வரட்டும். படிவம் ஆறு விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்புவோம். உடைந்த விளக்குக்கு இழப்பீடு கொடுத்த பக்கத்தில் மட்டும் கையொப்பம் ஒன்று விடுபட்டிருந்தது. வரும்போது அதை வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.