கல்யாணம் பண்ணதுக்காக வெளிய போனவங்க

வணக்கம் சார். க்வேக்கர்கள்ங்கிற கிறிஸ்தவ சபை பத்தி படிச்சுட்டு இருக்கேன். 17ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல அவங்களை ஆயிரக்கணக்குல ஜெயில்ல போட்டப்போ வளர்ந்தாங்க, அப்புறம் பேங்க், வியாபாரம்னு காசு சேர்ந்ததும் தேய்ஞ்சுட்டாங்க. வசதிதான் கெடுத்துச்சா?

அன்புள்ள நண்பருக்கு,

வசதிக்கும் பங்கு உண்டு, ஆனா முழுப்பழியையும் அது மேல போட எனக்கு மனசு வரல. க்வேக்கர் சபை ஏன் தேயுதுன்னு எழுதுறவங்களுக்கு 100 கினி (பழைய இங்கிலாந்துக் காசு) பரிசுன்னு அந்தக் காலத்துலயே ஒரு போட்டி நடந்துச்சு, 1859ல வெளிவந்த பரிசுக் கட்டுரை ஜான் ஸ்டீஃபன்சன் ரௌன்ட்ரீ எழுதினது, யார்க் ஊர்ல மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, வயசு 25 இருக்கும். அவர் கல்யாணக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 19ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில கல்யாணம் பண்ண க்வேக்கர்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தரை சபையே நீக்கியிருக்கு!

ஏன்னா சபைக்கு வெளியாளைக் கட்டணும்னா 1837 வரைக்கும் சர்ச்சுக்குப் போய் பாதிரியார் முன்னாடிதான் நிக்கணும், பாதிரியாரே வேண்டாம்னு கிளம்பினவங்களுக்கு அது பெரிய தப்பு. விஷயம் தெரிஞ்சதும் சபையிலேருந்து ரெண்டு பேர் வீடு தேடி வந்து பேசுவாங்க, கேக்கலன்னா மாசக் கூட்டத்து நோட்டுல நீக்கிட்டோம்னு எழுதிடுவாங்க. அதுக்கப்புறமும் அப்படி நீக்கப்பட்ட ஒரு பொண்ணு வந்து மௌன வழிபாட்டுல உக்காரலாம், ஆனா சபை விஷயம் பேச ஆரம்பிச்சா எழுந்து போயிடணும், அவ பிள்ளைங்களுக்கும் பிறப்பால வர்ற உறுப்பினர் உரிமை கிடையாது. இதை நினைச்சா எனக்கு இப்பவும் வலிக்குது.

பேச்சும் அப்படித்தான். ஆரம்பத்துல பிரபுவா இருந்தாலும் மரியாதைக்கு 'யூ'ன்னு சொல்லாம 'நீ'ன்னுதான் கூப்பிடுவோம்னு நின்னது எவ்ளோ பெரிய துணிச்சல், அதுக்காக அடி வாங்கினாங்க. 200 வருஷம் கழிச்சு ஊர்ல எல்லாரும் எல்லாரையும் 'யூ'ன்னு சொல்ற காலத்துல இவங்க மட்டும் 'தீ'ன்னு (thee, பழைய இங்கிலீஷ்ல 'நீ') பேசினா அதுல யாருக்கு சமத்துவம் தெரியும், ஆள் அடையாளம்தான் தெரியும். கூட்டத்துல மௌனம், தனியா போதகர் கிடையாது, வேதத்தை உக்காந்து சொல்லிக் குடுக்கவும் ஏற்பாடு கம்மி, அப்போ பசங்க எதைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க?

1860 வாக்குல கல்யாண விதியைத் தளர்த்தினாங்க, உடுப்பும் பேச்சும் அவங்கவங்க இஷ்டம்னு விட்டாங்க, எண்ணிக்கை மெதுவா ஏறிச்சு. அந்த ரெண்டு பேர் வீட்டுக்கு வர்றதை நூறு வருஷம் முன்னாடியே நிறுத்தியிருக்கலாம்னுதான் எனக்குத் தோணுது.

இன்னைக்கு உலகத்துலயே க்வேக்கர்கள் அதிகம் இருக்கிறது கென்யாவுல. 1902ல கைமோசியில ஆரம்பிச்சது, அங்க பாட்டும் உண்டு பாஸ்டரும் உண்டு. அதை அடுத்த கடிதத்துல பேசுவோம்.