உங்கள் சங்கம் எதற்காக இருக்கிறது? நோக்க வாசகம் குறித்த கேள்வி பதில்

சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஆண்டறிக்கையும் திட்ட வரைவும் எழுதிக் கொடுப்பது இருபது ஆண்டுகளாக என் பிழைப்பு. அதில் பெரும்பொழுது, முகப்பில் வரும் அந்த ஒற்றை வாசகத்துக்கே போயிருக்கிறது. கேளுங்கள். சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. ஊரில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். "கல்வி, சுகாதாரம், சுற்றுச்சூழல், மகளிர் மேம்பாடு ஆகிய துறைகளில் ஒருங்கிணைந்த வளர்ச்சியை ஊக்குவித்து வளமான சமுதாயத்தை உருவாக்குதல்" என்று எழுதியிருக்கிறோம். சரியா?

பதில்: அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு மையத்தில் என்ன நடந்தது?

கேள்வி: நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. தமிழே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். கல்லூரியில் படிக்கும் நம் ஊர்ப் பையன்களும் பெண்களும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைத்தார்கள். சுண்டல் கொடுத்தோம்.

பதில்: சுண்டலை எடுத்துவிட்டால் இதுதான் உங்கள் வாசகம். "எங்கள் ஊர்ப் பிள்ளை எதுவும் தமிழ் வாசிக்கத் தெரியாமல் எட்டாம் வகுப்பைத் தாண்டக்கூடாது. அதற்காகக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு மாலைதோறும் இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறோம்." யாருக்கு, என்ன, எப்படி என்பது வந்துவிட்டது. பழைய வாசகத்தில் உங்கள் பெயரை அழித்துவிட்டுப் பக்கத்து ஊர் ரசிகர் மன்றத்தின் பெயரைப் போட்டாலும் கச்சிதமாகப் பொருந்தும்.

இன்னொன்று. 'ஊக்குவித்தல்', 'உருவாக்குதல்' என்று தொழிற்பெயரில் முடித்தால் செய்கிறவர் யாரென்றே தெரியாது. 'கற்றுக்கொடுக்கிறோம்' என்று முடித்துப் பாருங்கள். அந்த 'ஓம்' வந்தவுடன் பொறுப்பும் வந்துவிடும். தமிழில் எழுதுவதால் கிடைக்கும் இந்த வசதியைப் பலரும் வீணாக்குகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கலாமா என்று கேட்டிருந்த மூன்று பேருக்கும் இதுவே என் பதில்.

கேள்வி: தொலைநோக்கு, நோக்கம், குறிக்கோள் வாக்கியம் என்று மூன்று சொல்கிறார்களே. மூன்றும் வேண்டுமா மேடம்?

பதில்: தொலைநோக்கு என்பது நீங்கள் காண விரும்பும் ஊர். நோக்கம் என்பது அதற்காக நீங்கள் தினமும் செய்யும் வேலை. குறிக்கோள் வாக்கியம் நெற்றித் திலகம் மாதிரி. எல்.ஐ.சி. சின்னத்தில் இருக்கும் 'யோகக்ஷேமம் வஹாம்யஹம்' (உங்கள் நலத்தை நான் சுமக்கிறேன்) என்ற கீதை வரி அப்படிப்பட்டது. அழகாக இருக்கிறது, ஆனால் பாலிசி எப்படி விற்பது என்று அது சொல்லாது. சிறிய அமைப்புக்கு நோக்கம் ஒன்றே போதும்.

நல்ல நோக்கம் என்ன செய்யும் என்பதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சொல்வேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது அதன் நோக்கம். 'தேவையற்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லாப் பார்வையிழப்பையும் போக்க முடியாது. ஆனால் கண்புரையால் வருவதை அறுவை சிகிச்சையில் சரிசெய்யலாம். அந்த ஒரு சொல் எங்கே பாடுபட வேண்டும் என்று காட்டிவிடுகிறது. பிறகு, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஏழைகளுக்கு எட்டாத விலை. மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் ஒதுங்கியிருக்கலாம். லென்ஸ் இல்லாமல் நோக்கம் நிறைவேறாது என்பதால் 1992-இல் ஆரோலேப் என்ற உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வாசகம் சுவரில் தொங்கினால் போதாது, இப்படி வேலை வாங்க வேண்டும்.

கேள்வி: அக்கா, தலைவர் எழுதினால் செயலாளருக்குப் பிடிக்கவில்லை. செயலாளர் எழுதினால் பொருளாளர் வெளிநடப்புச் செய்கிறார். மூன்று கூட்டம் போய்விட்டது.

பதில்: கூட்டத்தில் உட்கார்ந்து வாக்கியம் எழுதவே கூடாது. பத்துப் பேர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கொரு சொல்லைச் சொருகுவார்கள், யார் சொல்லையும் நீக்க யாருக்கும் மனம் வராது.

நான் செய்வது இப்படி. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். கடந்த ஆண்டு நாம் செய்தவற்றில் மனநிறைவு தந்தவை மூன்று, நம்மிடம் கேட்டும் நாம் மறுத்தவை இரண்டு, மறுத்ததற்குக் காரணம். இவ்வளவுதான். மறுத்த பட்டியல்தான் எனக்கு முக்கியம். அமைப்பின் எல்லை எங்கே என்று அதில் தெரிந்துவிடும். தாள்களை வாங்கிக்கொண்டு ஒரே ஒருவர் எழுதட்டும், பதவியில் இல்லாதவராக இருந்தால் நல்லது. மறுபடி கூடும்போது "இது உண்மையில்லை" என்று மட்டும் ஆட்சேபிக்கலாம். "இன்னும் கம்பீரமாக இருக்கலாமே" என்பவருக்குக் காபி கொடுத்து உட்கார வையுங்கள்.

நிர்வாகிகளோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு முதியோர் இல்லத்தில் 'ஆதரவற்ற முதியோர்' என்று எழுதி எல்லோரும் தலையாட்டிய பிறகு, சமையல்கார அம்மா சொன்னார்: "பாதிப் பேருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதாமாதம் பணமும் வருகிறது. ஆள்தான் வருவதில்லை." அந்தச் சொல்லை எடுத்தோம். அடுத்த மாதமே பிள்ளைகளை வரவழைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு தொடங்கியது.

கேள்வி: 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கம் பதிவாகியிருக்கிறது. சங்க அமைப்பு விதிக்குறிப்பில் பதினான்கு நோக்கங்கள் இருக்கின்றன. தனியாக வாசகம் தேவையா?

பதில்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாளரிடம் கொடுத்த நோக்கங்கள் வேலி மாதிரி. நாளைக்குத் தேவைப்படலாம் என்று வேலியை அகலமாகப் போட்டிருப்பீர்கள், தவறில்லை. அதற்குள் இப்போது எந்த இடத்தில் உழுகிறீர்கள் என்பதை வாசகம் சொல்ல வேண்டும். வாசகத்தை மாற்றப் பதிவாளரிடம் போக வேண்டாம். ஆனால் பதிவான நோக்கத்தையே மாற்றுவதென்றால் சிறப்புத் தீர்மானம் வேண்டும், வருமான வரி விலக்குப் பதிவு இருந்தால் அந்தத் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் சமூகப் பொறுப்பு நிதி தருவதாகச் சொல்கிறது. நாங்கள் வாசிப்பு இயக்கம். அவர்கள் மரம் நடச் சொல்கிறார்கள். வாசகத்தில் சுற்றுச்சூழலையும் சேர்த்துவிடலாமா?

பதில்: அவர்கள் பக்கம் புரிகிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுக்குள் வரும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சொன்ன துறைகளில்தான் செலவிடலாம். சுற்றுச்சூழல் அதில் இருக்கிறது, கல்வியும் இருக்கிறதே! அதைக் காட்டிப் பேசிப் பாருங்கள். மசியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இந்த ஆண்டு மரம், அடுத்த ஆண்டு கழிப்பறை, அதற்கடுத்த ஆண்டு கணினிப் பயிற்சி என்று போய், புத்தக அலமாரிச் சாவி எங்கே என்றே தெரியாமல் நிற்கும் அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

பதில்: எந்தக் கலப்படத்தை எந்த நாளும் செய்ய மாட்டீர்கள் என்று பலகையில் எழுதி வையுங்கள். போதும்.

கேள்வி: ஊருக்கு பஸ் கேட்டுத் தொடங்கிய சங்கம் எங்களுடையது. பஸ் வந்துவிட்டது. இப்போது என்ன எழுதுவது?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1938-இல் அதிபர் ரூஸ்வெல்ட் போலியோவுக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் மார்ச் ஆஃப் டைம்ஸ். அது நிதி கொடுத்து வளர்த்த ஆராய்ச்சியில் சால்க் தடுப்பூசி பிறந்தது, 1955-இல் பயன்பாட்டுக்கும் வந்தது. கையில் ஊர் ஊராகத் தொண்டர்கள், வேலையோ முடிந்துவிட்டது. 1958-இல் பிறவிக் குறைபாடுகளைத் தடுப்பது என்று நோக்கத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார்கள்.

உங்களுக்கும் இரண்டு வழி. பஸ்ஸுக்காக அலைந்தபோது எதில் தேர்ந்தீர்கள்? மனு எழுதுவதிலா, ஆட்களைத் திரட்டுவதிலா? அந்தத் திறமைக்கு ஊரில் வேறு வேலை இருந்தால் புதிய வாசகம் எழுதுங்கள். இல்லையென்றால் கணக்கை முடித்து, மீதியைச் சட்டப்படி ஒப்படைத்துவிட்டு, கடைசிக் கூட்டத்தில் பாயசம் வையுங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

கேள்வி: எழுதி முடித்தாயிற்று அக்கா. பெரிய ஃபிளெக்ஸ் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். நன்கொடை ரசீதின் அடியில் அச்சடியுங்கள். அந்த இடத்தில் இரண்டு வரிக்கு மேல் கொள்ளாது. கொள்ளவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள், வெட்டித் தருகிறேன்.