242 நானோமீட்டர் என்னும் எல்லைக்கோடு

கேள்வி: 11 ஆண்டுச் சூரியச் சுழற்சியில் சூரியனின் மொத்த ஒளி 0.1 சதவீதம்தான் மாறுகிறது. அவ்வளவு சிறிய மாற்றம் ஓசோனைத் தொடுமா?

பதில்: தொடும். மொத்தக் கணக்கை விட்டுவிட்டு அலைநீளம் வாரியாகப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய அப்படியே இருக்கையில், 200 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா 6 முதல் 8 சதவீதம் வரை ஏறி இறங்குகிறது. ஓசோன் பிறப்பதோ இத்தகைய குறுகிய அலைகளால்தான். 242 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிர் ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டு அணுக்களாக உடைக்கிறது. ஒவ்வோர் அணுவும் வேறொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது. சேரும்போது வெளிப்படும் ஆற்றலை வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் நைட்ரஜன் போன்ற மூன்றாவது மூலக்கூறு வேண்டும். இல்லாவிட்டால் உருவான ஓசோன் உடனே பிரிந்துவிடும். 1930-இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் சிட்னி சாப்மன் வகுத்த வேதியியல் இது.

242-க்கு மேற்பட்ட புற ஊதாவும் ஓசோனை உடைக்கிறதே என்று கேட்கலாம். உடைக்கிறது, ஆனால் பிரிந்த அணு பெரும்பாலும் மீண்டும் ஓசோனாகிவிடுகிறது, மிஞ்சுவது வெப்பம் மட்டுமே. உண்மையான இழப்பு, ஆக்சிஜன் அணு ஓசோனோடு மோதி இரண்டும் சாதாரண ஆக்சிஜனாக மாறும்போது நேர்கிறது. நைட்ரிக் ஆக்சைடு, ஹைட்ராக்சில், குளோரின் ஆகியவை வினையூக்கிகளாக நின்று இந்த இழப்பைப் பெருக்குகின்றன.

11 ஆண்டுச் சுழற்சியில் சூரியன் உச்சத்தில் இருக்கும்போது சுமார் 40 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் 2 முதல் 4 சதவீதம் கூடுகிறது. இன்னும் கூடாததற்கு ஒரு காரணம் அந்த வெப்பம்தான். மேல் அடுக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாகிறது. சூட்டில் அழிவு வினைகள் வேகமெடுத்து, கிடைத்த லாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன.

கேள்வி: அப்படியானால் சூரிய உச்ச ஆண்டுகளில் தரையில் தோல் கருகுவது அதிகமாகுமா?

பதில்: ஆகாது. அதிகம் மாறும் குறுகிய கதிர்கள் தரைக்கு வந்து சேர்வதே இல்லை. தோலைச் சுடும் 300 நானோமீட்டர் வட்டாரத்தில் சூரியனின் மாற்றம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே வேளையில் தலைக்கு மேலுள்ள மொத்த ஓசோன் ஓரிரு சதவீதம் கூடியிருப்பதால், திரை சற்றுத் தடிக்கிறது.

கேள்வி: சூரியனால் ஓசோன் எவ்வளவு மாறுகிறது என்று அளப்பதில் ஏன் குழப்பம் வருகிறது?

பதில்: புற ஊதாவை அளக்கும் செயற்கைக்கோள் கருவியை அந்தக் கதிரே மங்கச் செய்கிறது. மங்கலைச் சரியாகத் திருத்தாவிட்டால், சூரியனே குறைந்தது போலத் தெரியும். எரிமலைகள் இன்னொரு தொல்லை. 1982-இல் எல் சிச்சோனும் 1991-இல் பினட்டுபோவும் சூரிய உச்சத்தை ஒட்டியே வெடித்தன. அவற்றின் கந்தகத் துகள்களால் வந்த ஓசோன் இழப்பைச் சூரியச் சரிவின் கணக்கில் எழுதிவிட இடமுண்டு. அதனால்தான் சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுக்கும் 27 நாள் சுழற்சி கைகொடுக்கிறது. ஓராண்டில் 13 முறை புற ஊதா ஏறி இறங்குவதால், மேலடுக்கு ஓசோன் அதற்கு ஈடுகொடுக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்கலாம்.