பில்லும் இருப்பும் ஒரே திரையில்

மன்னார்குடி உரக்கடைக்கு வின்ஃபார்ம்ஸில் (விண்டோஸ் மென்பொருள் எழுதும் மைக்ரோசாஃப்ட் கருவி) நீங்கள் எழுதிய மென்பொருளில் பில், இருப்பு, பற்று மூன்றும் ஒரே ஜன்னலில் தனித்தனித் தாவல்கள் (டேப்). பில் போடும்போது இருப்பு தெரியவில்லை என்கிறார் கடைக்காரர். அவர் கேட்பது நியாயம்தான். தாவலில் ஒன்று தெரிந்தால் மற்றது மறையும். குறுவைக் கூட்டத்தில் யூரியா எத்தனை மூட்டை, டிஏபி எத்தனை என்று வரிக்கு வரி தாவிக்கொண்டிருக்க முடியுமா?

பற்று தாவலாகவே இருக்கட்டும், அதைத் தனியாகத்தான் பார்ப்பார். இருப்பை மட்டும் தனி ஃபார்மாக்குங்கள், அதாவது தனி ஜன்னலாக. அதைத் திறக்க வெறும் ஷோ கட்டளை போதாது. பில் ஃபார்மிலிருந்து ஷோ(திஸ்) என்று அழைத்து, பில் ஃபார்மையே அதற்கு உரிமையாளராக (ஓனர்) கொடுங்கள். இல்லையேல் பில்லைத் தொட்டதும் இருப்பு பின்னால் போய்விடும். ஷோடயலாக் வேண்டவே வேண்டாம், மூடும்வரை பில்லில் ஓர் எழுத்துகூடத் தட்ட முடியாது.

இரண்டு ஃபார்மும் ஒரே டேட்டாடேபிளை (நினைவகத்தில் இருக்கும் தரவு அட்டவணை) படிக்க வேண்டும். தனித்தனியாகக் குவெரி ஓட்டி தரவுத்தளத்திலிருந்து எடுத்தால் பில்லில் 5 மூட்டை கழிந்தும் இருப்பில் பழைய எண்ணே நிற்கும். வாடிக்கையாளர் முன்னால் இது பெரிய தலைவலி.

கடைத் திரை 1366-க்கு 768 என்றால் சரிபாதியாக வெட்டாதீர்கள். இருப்பு ஜன்னலில் பெயர், மூட்டை, விலை மூன்றுக்கும் 400 பிக்சல் அகலம் தாராளம்.

அந்த ஜன்னலின் இடத்தைச் சேமித்தால், திறக்கும்போது அது ஸ்கிரீன்.ஆல்ஸ்கிரீன்ஸ் தரும் திரைகளில் (இப்போது இணைந்துள்ளவை) ஏதாவதொன்றுக்குள் வருகிறதா என்று சோதியுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய அன்றே "இருப்பு தொறக்கவே மாட்டேங்குது" என்று போன் வரும்.