பதில்: அந்த முதல் 20 பக்கங்களை வெட்டாதீர்கள்

வணக்கம். உங்கள் திரைக்கதையில் கடற்பாசி எடுக்கும் முதல் 20 பக்கங்களை வெட்டிவிட்டு நேரே மாய உலகக் காட்சிகளுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இட்டிருந்த திரைக்கதையைப் பாம்பனில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். வெட்டாதீர்கள். வெட்டச் சொன்ன நண்பர் அவசரக்காரர்.

கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. விரலில் துணி சுற்றி, காலில் தகரத்தட்டைக் கட்டிக்கொண்டு அம்மா மூழ்குகிறாள். 12 வயது மகள் வள்ளத்தில் இருந்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள். பிறகு அதே தட்டை மகள் கட்டும்போது கயிறு தொளதொளவென்று இருக்கிறது. இன்னொரு சுற்றுச் சுற்றுகிறாள். அம்மாவின் இடத்துக்கு வந்துவிட்டாள், ஆனால் இன்னும் சிறுமிதான் என்று தனியாக வசனம் எதற்கு?

ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, மகளுக்குத் துணையாக்கியது நல்ல யோசனை. அது பாலூட்டி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். ஆகவே 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்குள் அதோடு போகும் மகளால் நினைத்த நேரம் தங்க முடியாது. மாயத்துக்கு இப்படியோர் எல்லை இருப்பதால்தான் நமக்குப் பதறுகிறது. ஆண்கடல், பெண்கடல் என்று நம் பக்கம் சொல்வதை இரண்டு உலகங்களாக்கியிருக்கிறீர்கள்: மன்னார் வளைகுடாவில் சீற்றம், பாக் நீரிணையில் சாந்தம். (எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.)

வெட்ட வேண்டியது 71ஆம் பக்கத்தில் தொடங்கும் காட்சி. கிழவர் மூன்று பக்கத்துக்கு மாய உலகின் விதிகளை விளக்குகிறார். திரையில் அது ஏறக்குறைய மூன்று நிமிடம். அவர் வாயே திறக்காமல், நனைந்த பழைய ரயில் டிக்கெட் ஒன்றை அவள் கையில் வைக்கட்டும்.