பூஸ்டர் வாங்க முதல் ரவுட்டரை இடம் மாற்றுங்கள்

கேள்வி: விசுவமடுவில் இருக்கிறோம். சிம் போட்டுப் பாவிக்கும் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கிறோம். மகன் இரவில் உயர்தர வகுப்பை ஒன்லைனில் படிக்கிறான். சாப்பாட்டு நேரம் வந்தால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. கேற்றடியில் பூட்டிய கமராவும் அடிக்கடி அறுந்துபோகிறது. ரவுட்டர் குசினியில், பிரிட்ஜுக்கு மேலே, மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரர் 8,500 ரூபாய்க்கு, வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பூஸ்டர் ஒன்று வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கோளாறு எங்கே என்று தெரியாமல் காசைக் கொட்டக் கூடாது.

இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். மகன் தன் அறையில் இருந்து யாருடனாவது வீடியோ கோல் கதைக்கட்டும். யூடியூப் வேண்டாம், அது படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் தடங்கல் தெரியாது. நீங்கள் ஒரு கோப்பைத் தண்ணீரை மைக்ரோவேவில் வைத்து இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். அடுப்பு ஓடும்போது குரல் வெட்டி வெட்டி வந்து, அது நின்றதும் சரியானால் காரணம் அதுதான்.

மைக்ரோவேவ் 2.45 கிகாஹேர்ட்ஸ் அளவில் வேலை செய்கிறது. உங்கள் வைஃபையும் அநேகமாக 2.4 அலைவரிசையில்தான் ஓடும். உள்ளே 700, 800 வோட் வலுவில் ஓடும் அடுப்பிலிருந்து கசிவது மிகக் கொஞ்சம்தான், ஆட்களுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ரவுட்டர் விடும் சிக்னலே ஒரு வோட்டின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பக்கத்தில் பறை அடிக்கும்போது காதுக்குள் சொல்லும் கதை கேட்குமா?

பிரிட்ஜும் சும்மா இல்லை. அது ஒரு பெரிய இரும்புப் பெட்டி, அலையை மறைக்கும். ரவுட்டரை விறாந்தைப் பக்க யன்னலடியில், ஆள் உயரத்தில் வையுங்கள். 4ஜி ரவுட்டருக்கு இரண்டு வேலை: போன் கோபுரத்திலிருந்து சிக்னலை வாங்க வேண்டும், வீட்டுக்குள்ளும் அனுப்ப வேண்டும். அதனால் இரண்டு மூன்று யன்னல்களில் மாற்றி மாற்றி வைத்து, எதில் சிக்னல் கோடு கூட வருகிறது என்று பாருங்கள். தகரக் கூரை என்றால் இது இன்னும் முக்கியம்.

ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸும் இருந்தால், மகனின் போனை அதில் போடுங்கள். மைக்ரோவேவ் அதைத் தொடாது. சுவர் தாண்டும்போது மட்டும் பலம் குறையும். மலிவான கமராக்கள் பெரும்பாலும் 2.4இல் மட்டுமே ஓடும், அதை அங்கேயே விடுங்கள்.

வைஃபை சனலை, அதாவது 2.4 அலைவரிசைக்குள் இருக்கும் பாதையை, 1, 6, 11 என்று மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். அது கொழும்பு மாடி வீடுகளுக்குப் பொருந்தும். அங்கே பக்கத்து வீட்டு வைஃபைகள் ஒன்றுடன் ஒன்று முட்டும். எங்கள் வன்னி வளவுகளில் வீட்டுக்கு வீடு தூரம். இங்கே இடைஞ்சல் அநேகமாகச் சொந்த வீட்டுச் சாமான்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரவுட்டருக்கு இரண்டு அடி தள்ளி நின்று, மைக்ரோவேவும் ஓடாத நேரத்தில், இரவு ஏழு மணிக்குப் பிறகு எல்லாமே மந்தமாக இருந்தால், ஒரே நேரத்தில் பலர் பாவிப்பதால் போன் கோபுரத்தில் நெரிசல். அதை எந்தப் பூஸ்டரும் தீர்க்காது.

கமராவுக்குத்தான் ஏதாவது தேவைப்படலாம். ஆனால் சாதாரண பூஸ்டர் ஒரே சனலில் வாங்கி, அதே சனலில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். கமராவில் கேபிள் செருக இடம் இருந்தால், வெளியில் போடக்கூடிய நெட்வேர்க் கேபிள் வாங்கி இழுங்கள். 100 மீற்றர் வரை தாராளமாகப் போகும். மழைக்கால இடி மின்னலுக்கு இரண்டு பக்கமும் கழற்றிவிட மறக்காதீர்கள்.

அப்புறமும் பூஸ்டர்தான் வேண்டும் என்றால், ‘வேலை செய்யாவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பி எடுக்கப்படும்’ என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தந்தபடி நடக்காவிட்டால், அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடலாம்.